செட்டிநாட்டில் வீடு கட்ட: விதி, பொருள், வேலை வரிசை – முழுமையான வழிகாட்டி

ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் வண்ணத் தரைக்கல்), பழைய தேக்குத் தூண், கண்ணாடி போல மின்னும் வெள்ளைப் பூச்சு. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் புது வீடு கட்ட வருகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கல்லுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது, கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வானம் (அடித்தளத்துக்குத் தோண்டும் பள்ளம்), கம்பி, கலவைத் தண்ணீர், மொட்டைமாடித் தளவரிசை ஆகிய நான்கையும் வீடு முடிந்த பிறகு மாற்ற முடியாது. கதவையும் தரைக்கல்லையும் பெயின்டையும் பத்து வருஷம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணம் முதலில் அந்த நான்குக்குப் போகட்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட சாதாரணக் குடியிருப்புக்கானது.

அனுமதியும் வரைபடமும்

தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு அடிப்படை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கட்டுகிறவர்கள் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறலாம். அதிகாரி முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. பட்டா, பத்திரம், வரைபடம் மூன்றையும் நீங்களே ஏற்றி, சரி என்று நீங்களே சான்று தருகிறீர்கள். பொறுப்பும் அதனால் முழுக்க உங்களுடையது. பட்டாவில் உள்ள அளவும் மனையில் நாடா பிடித்தால் வரும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், அதைச் சரிசெய்யாமல் விண்ணப்பிக்காதீர்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊர்களில் சில பேரூராட்சி, சில ஊராட்சி. உங்கள் மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மனையைச் சுற்றி விட வேண்டிய திறந்த வெளி, சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவைப் பார்த்து நீங்களும் விடாதீர்கள். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. பழைய வீடுகளில் முகப்பும் திண்ணையும் தெருவை ஒட்டியே இருக்கும். அதே அமைப்பைப் புது மனையில் கேட்கிறார்கள். முன்பக்கத் திறந்த வெளியை விட்ட பிறகுதான் திண்ணைக்கு இடம். அதைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் கொண்டுவந்துவிட்டால் பின்னால் இடிக்க வேண்டியிருக்காது.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டடத் தொகுப்பு சொல்லும் சில அளவுகளை மனதில் வையுங்கள். குடியிருக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் (சுமார் 102 சதுர அடி) குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். சமையலறை 5 சதுர மீட்டர். படி ஏற்றம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் குறைந்தது 1 மீட்டர். உயரத்தைப் பொறுத்தவரை 2.75 மீட்டர் இந்த ஊர் வெயிலுக்குப் போதாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. 10.5 அடி வையுங்கள். கூடும் ஒன்றரை அடிச் சுவருக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

வளவு (நடுமுற்றம்) வைத்துக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறைகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வளவையே நம்பியிருந்தால், அதன் அகலம் எந்தப் பக்கமும் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. 6 அடிக்கு 6 அடி ஓட்டையைப் போட்டு, மேலே கண்ணாடியால் மூடி, ‘செட்டிநாட்டு முற்றம்’ என்று பெயர் வைத்தால் அது வெப்பப் பெட்டியாகத்தான் இருக்கும். மேலே திறந்திருக்கட்டும். பாதுகாப்புக்குக் கம்பி வலை போதும். முற்றத்துத் தரை சுற்றுத் தாழ்வாரத்தைவிட 6 அங்குலம் இறங்கியிருக்கட்டும். தண்ணீர் போக 4 அங்குலக் குழாய் ஒன்று போதாது, எதிர் மூலைகளில் இரண்டு வையுங்கள். ஒன்று இலை அடைத்துக்கொண்டால் மற்றது காப்பாற்றும்.

மண், வானம், கரையான்

இந்தப் பகுதியில் ஒரே ஊருக்குள் மண் இரண்டு விதமாக மாறும். மேட்டில் செம்மண்ணும் சரளையும், அதன்கீழ் செம்புறாங்கல் படுகையும் கிடைக்கும். நல்ல மண், பாரம் தாங்கும். கண்மாய்ப் பாசனத்தில் இருந்து மனையாக மாறிய இடத்தில் களி இருக்கும். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, சுவரில் மூலைவாட்டில் வெடிப்பு விடும்.

மனையின் இரண்டு எதிர் மூலையிலும் நடுவிலும் 6 அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கு உடையாமல் திரி போல உருண்டால் களி. உதிர்ந்தால் சரளை. களி தெரிந்தால் வழக்கமான பூட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்) போதாது. மண் ஆய்வு செய்து, பொறியாளர் சொல்லும் ஆழத்துக்குப் போவது அல்லது பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதுதான் வழி. குழியில் சாம்பலோ ஓட்டுச் சில்லோ கறுப்பு மண்ணோ வந்தால் அது தூர்த்த கிணறாகவோ குட்டையாகவோ இருக்கலாம். அந்த இடத்தில் தூண் வரக் கூடாது.

ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1904 சொல்லும் குறைந்தபட்ச ஆழம் அரை மீட்டர். சரளை மண்ணிலும் 4 முதல் 5 அடி வரை வானம் பறிப்பதே நல்லது. அடியில் 1:4:8 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்), ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 4 அங்குலக் கான்கிரீட். அதன்மேல் பூட்டிங் கம்பி. கம்பிக்குக் கீழே 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் கான்கிரீட் கட்டை). செங்கல் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்காதீர்கள். செங்கல் ஈரத்தை உறிஞ்சி நேராகக் கம்பிக்குக் கொண்டுபோகும்.

தரைமட்டத்திலிருந்து அடித்தளம் குறைந்தது 45 செ.மீ. உயர வேண்டும் என்பது விதி. அளவைத் தரையிலிருந்து எடுக்காமல் தெருவின் நடு உச்சியிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயரும், வீடு உயராது. தெருவுக்கு மேல் இரண்டரை அடி வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய வீடுகளை அவ்வளவு உயர மேடையில் கட்டியதற்கு மழைத் தண்ணீரும் ஒரு காரணம்.

உள்ளே நிரப்பும் மண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிராவலை 6 அங்குலம் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, பிறகு அடுத்த 6 அங்குலம். மொத்தமாக மூன்றடி கொட்டி மேலே மட்டும் தண்ணீர் அடித்தால், ஒரு வருஷத்தில் தரை உள்வாங்கும். கல் விரிசல் விடும்போது கல் விற்றவரைத் திட்டுவார்கள். காரணம் அடியில் இருக்கும்.

செம்மண் பூமி கரையானுக்குப் பிடித்த இடம். தேக்கு நிலை வைக்கிற வீட்டில் கரையான் மருந்தைத் தவிர்க்கவே கூடாது. ஐ.எஸ். 6313 முறைப்படி, 20 சதவீதக் குளோர்பைரிபாஸ் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்து 1 சதவீதக் கரைசல் செய்ய வேண்டும். அடித்தளம் நிரப்பி முடித்ததும், தரைக் கான்கிரீட்டுக்கு முன், சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர அடிக்கு 465 லிட்டர் கரைசல், அதாவது சுமார் 23 லிட்டர் மருந்து. 5 லிட்டர் டப்பா ஒன்றில் முழு வீட்டையும் முடித்துவிட்டேன் என்று சொல்பவர் வெறும் தண்ணீர்தான் தெளித்திருக்கிறார். மழை வரும் நாளில் அடிக்காதீர்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள், கையுறையும் முகமூடியும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள்.

தண்ணீர்

ஆழ்குழாய்த் தண்ணீர் குடிக்க உவர்ப்பாக இருந்தால், கலவைக்குப் போடுவதற்கு முன் ஆய்வகத்தில் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்குள், சல்பேட் 400 மி.கி.க்குள், பி.எச். 6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. குளோரைடு கூடினால் கம்பி உள்ளுக்குள் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இரும்பு அரிப்பையும் ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. கம்பிக்குச் சிமென்ட் குழம்பு பூசிக் காக்கும் முறை ஒன்றையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஊரிலேயே உவர்த் தண்ணீரில் தளம் போடுவது வருத்தமான விஷயம்.

ஊரணித் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் பாசியும் மக்கிய இலையும் சேர்ந்திருக்கும். சோதிக்காமல் கலவைக்கு வேண்டாம்.

செங்கல்

சேம்பர் (அறைச் சூளை) செங்கல்லா, நாட்டுச் செங்கல்லா, நிலக்கரிச் சாம்பலில் வார்த்த சாம்பல் கல்லா என்ற விவாதத்தைவிட, வந்து இறங்கிய லோடு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பத்துக் கல்லை எடுங்கள். இரண்டைத் தட்டினால் மணி போலக் கணீர் என்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. 3 கிலோ கல்லை 24 மணி நேரம் ஊறவைத்து நிறுத்தால் 3.6 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதுவே 20 சதவீத வரம்பு. உப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தட்டில் ஓர் அங்குலம் மழைத் தண்ணீர் ஊற்றி, கல்லை நிறுத்திவைத்து, தண்ணீர் முழுக்க வற்றும்வரை விடுங்கள். வெள்ளை படிவு கல்லில் பாதிக்கு மேல் ஏறினால் அந்தச் சூளைக் கல்லைத் திருப்பி அனுப்புங்கள். அந்த உப்பு பின்னால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும்.

சாம்பல் கல் வாங்கினால், வார்த்த தேதியைக் கேளுங்கள். குறைந்தது மூன்று வாரம் தண்ணீர் காட்டிய கல்லாக இருக்க வேண்டும். பச்சைக் கல்லைக் கட்டினால் சுவரில் ஏறிய பிறகு சுருங்கி, மயிரிழை வெடிப்பு விடும்.

9 அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு சுமார் 9 கல், சேதாரத்துக்கு 5 சதவீதம். கலவை 1:6. நாலரை அங்குலச் சுவருக்கு 1:4, மூன்று வரிசைக்கு ஒரு முறை 6 மி.மீ. கம்பி. ஒரு நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஈரக் கலவை பாரத்தில் பிதுங்கி, தூக்குக்குண்டு போட்டால் சுவர் விலகியிருக்கும்.

சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி

சாதாரணச் சிமென்டான 53 கிரேடு, சாம்பல் கலந்த பி.பி.சி. இரண்டும் நல்லவை. தளத்துக்கும் தூணுக்கும் எதையும் போடலாம். பூச்சுக்கும் கட்டுவேலைக்கும் பி.பி.சி. மேல், வெடிப்பு குறையும். பி.பி.சி. மெதுவாக இறுகும் என்பதால் தண்ணீர் நாள் கூடும், சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) அவசரமாகப் பிரிக்கக் கூடாது. மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் மாதத்தையும் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டியதைத் தளத்துக்குப் போடாதீர்கள்.

எம்-சாண்ட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் இன்று அதிக ஏமாற்று நடக்கிறது. எம்-சாண்ட் என்பது கருங்கல்லை இதற்கென்றே உள்ள எந்திரத்தில் உடைத்து, முனை மழுக்கி, கழுவி, சலித்து எடுப்பது. கிரஷர் தூள் என்பது ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கழிவு. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தூள் சேர்ந்த கலவை அதிகத் தண்ணீர் கேட்கும், அதிகத் தண்ணீர் பலத்தைக் குறைக்கும், காய்ந்ததும் வெடிக்கும். ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, உடைத்த கல் மணலில் 75 மைக்ரானைவிட நுண்ணிய தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் போனால் மறுத்துவிடுங்கள்.

லாரி வந்ததும் கொட்டச் சொல்லாமல், மேலே ஏறி, அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுங்கள். மேலே நல்லதும் அடியில் தூளும் இருப்பது வழக்கம். உள்ளங்கையில் தேய்த்துக் கையை உதறுங்கள். மாவு போல ஒட்டியிருந்தால் தூள் கூடுதல். அடுத்து, நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு எம்-சாண்ட் போட்டு, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், மேலே குழம்பாக ஒரு படலம் தெரியும். ஸ்கேல் வைத்து இரண்டையும் அளந்து, லோடுக்கு லோடு குறித்துவையுங்கள். முதல் லோடில் படலம் 5 மி.மீ. இருந்து, நான்காவது லோடில் 12 மி.மீ. ஆனால் கிரஷரில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். பொதுப்பணித் துறைச் சான்று பெற்ற கிரஷரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சுக்குப் பி-சாண்ட் தனியாக வாங்குங்கள், எம்-சாண்டைச் சலித்துப் பூசுவது சரிப்படாது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-20 என்ற பலத் தரம் வேண்டும். கையளவில் கலப்பதென்றால் 1:1.5:3. ஒரு கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி முக்கால் அங்குல ஜல்லி. 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 11.8 கன மீட்டர், அதாவது சுமார் 94 மூட்டை, பீம் தனி. மூட்டைக்குத் தண்ணீர் 27 லிட்டர். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

சட்டிக் கணக்கில் போடாதீர்கள். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தட்டையாக அள்ளுவார். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 39 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்தால் அது சரியாக ஒரு மூட்டைக் கொள்ளளவு. செலவு சொற்பம், பலன் முழு வீட்டுக்கும்.

கம்பி

ஐ.எஸ். 1786 முத்திரையுள்ள எஃப்.இ. 500டி தரக் கம்பி போதும். கம்பியின் எடையை நீங்களே சோதிக்கலாம். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. அப்படியானால் 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ நிற்க வேண்டும். 10 மி.மீ. வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதமும் ஏற்ற இறக்கம் அனுமதி. 10 கிலோவுக்குக் கீழே நின்றால் கம்பி மெலிந்தது.

தூணில் நடக்கும் ஒரு பிழை இந்தப் பகுதி முழுக்கப் பரவியிருக்கிறது. 9-க்கு 12 அங்குலத் தூணில் நாலு 12 மி.மீ. கம்பி போடுகிறார்கள். தூணின் குறுக்குப் பரப்பில் குறைந்தது 0.8 சதவீதம் கம்பி வேண்டும். 230-க்கு 300 மி.மீ. தூணுக்கு 552 சதுர மி.மீ. நாலு 12 மி.மீ. கம்பி தருவது 452 மட்டுமே. ஆறு 12 மி.மீ. அல்லது நாலு 16 மி.மீ. போட வேண்டும். வளையம் 19 செ.மீ.க்கு மேல் தள்ளி வரக் கூடாது (12 மி.மீ. கம்பிக்கு). வளையத்தின் கொக்கி 90 பாகையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், 135 பாகை வளைந்து தூணின் உள்ளே கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். பாரம் ஏறும்போது 90 பாகைக் கொக்கி விரிந்துவிடும். 2016 பதிப்பு நிலநடுக்க வரைபடத்தில் சிவகங்கை மாவட்டம் இரண்டாம் மண்டலம், ஆபத்து குறைவு. அதற்காகக் கொக்கியை விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. செலவு கூடுவதில்லை, கை கொஞ்சம் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு கம்பி சேரும் இடத்தில் கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு நீளம் மேல்படிய விட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எம்-25 கான்கிரீட்டில் அது சரி. எம்-20-இல் இழுவிசை வரும் இடத்தில் 57 மடங்கு வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு 68 செ.மீ. எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் மாற்றி மாற்றிச் சேருங்கள்.

சன்ஷேடு, பால்கனி போல வெளியே நீளும் இடங்களில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி கீழே போய்விடும். சென்ட்ரிங் பிரித்த அன்றோ, பத்து வருஷம் கழித்தோ அது விழும். கம்பிக்குக் கீழே நாற்காலிக் கம்பி வைத்து, நடக்கப் பலகை போடுங்கள். தூணுக்கு 40, பீமுக்கு 25, தளத்துக்கு 20 மி.மீ. கவர் பிளாக்.

தளம் போடும் நாளும் அதன்பின்னும்

சித்திரை, வைகாசியில் தளம் போடுவதென்றால் விடியலில் தொடங்குங்கள். சென்ட்ரிங் தகட்டில் முன்னதாகத் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணியுங்கள். மிக்சரில் இருக்கும் ஆள் கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒரு வாளி சேர்ப்பதைத் தடுப்பதுதான் அன்றைக்கு உங்கள் ஒரே வேலை. இளக வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் சேருங்கள். வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். ஊசியால் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு போனால் ஜல்லி ஓரிடம், குழம்பு ஓரிடம் என்று பிரியும்.

போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் மேலே சிலந்திக் கூடு போல நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் பதற வேண்டாம். வெயிலும் காற்றும் மேல் ஈரத்தைச் சட்டென்று இழுத்ததால் வருவது. கான்கிரீட் இன்னும் பச்சையாக இருக்கும்போதே மணியாசக்கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) மறுபடி அழுத்தித் தேய்த்து, நனைந்த சாக்கை விரித்துவிடுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரணச் சிமென்டுக்கு 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள் என்பது பொது அளவு. வெயில் காலத்தில் முறையே 10, 14 நாள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். காலையும் மாலையும் ஒரு குடம் ஊற்றுவதற்குப் பெயர் தண்ணீர் காட்டுவது அல்ல, நடுப்பகலில் சாக்கைத் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும்.

நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14, அதைத் தாண்டினால் 21. இது சாதாரணச் சிமென்டுக்கு. பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் விடுங்கள்.

மொட்டைமாடிக்கு எங்கள் தேர்வு பழைய முறைதான். செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் 32-க்கு 12.5 என்ற அளவில் கலந்து, 3 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது. வாட்டம் 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம். வெயிலையும் தடுக்கும், தளத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்கவும் செய்யும். ஆள் கிடைக்கவில்லை என்று வெறும் சிமென்ட் கலவையை மேலே பூசினால் இரண்டு கோடையில் வெடித்து, ஒழுகும். முடித்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால்தான் வேலை முடிந்தது.

மாடித் தண்ணீர் வீணாகத் தெருவுக்குப் போக வேண்டாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,300 லிட்டர். அதைத் தாங்கும் குழியும் வடிகட்டியும் வையுங்கள், பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்

கண்ணாடித் தகட்டின் மேல் தகரச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் சேர்ந்த கலவையை வைத்து அழுத்தி எடுப்பது இந்தக் கல். கண்ணாடியிலிருந்து பிரியும் முகம்தான் பளபளப்பு. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே. அதனால் எந்திரத்தால் அறுத்துத் தேய்க்கும் பேச்சே கூடாது.

கல் சுமார் 22 மி.மீ., அடிக்கலவை ஒன்றரை அங்குலம். மொத்தம் இரண்டரை அங்குலம் என்று கணக்கிட்டு நிலையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். பீங்கான் கல்லுக்கு வைத்த நிலையில் இதைப் போட்டால் கதவு இடிக்கும். இன்னொன்று: முதல் தளத்தில் போடுவதானால் பொறியாளரிடம் முன்பே சொல்லுங்கள். தளத்தின் மேற்பூச்சுக்கு வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 100 கிலோ வைப்பார்கள். இதுவோ கலவையோடு சேர்த்து 125 கிலோ வரை வரும்.

12-க்கு 15 அடி அறைக்கு, 10 அங்குலக் கல் 259 வேண்டும். 280 வாங்குங்கள். கையால் செய்வதால் அடுத்த முறை அதே நிறம் வராது. வாங்கும்போது எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று கேளுங்கள். அவசரமாக எடுத்த கல் பிறகு வெள்ளையாக உப்பு பூக்கும்.

மர வேலை, பெயின்ட், ஒயரிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பதிக்க வேண்டும். கல்லை லேசாக நனைத்து, சுத்தியால் தட்டாமல் கைப்பிடியால் அழுத்தி உட்கார வையுங்கள். இடைவெளி ஒரு மி.மீ. போதும். இணைப்புக்கு வெள்ளைச் சிமென்டோடு கல்லின் நிறத்தைக் கலந்து, கல்லில் பட்டதை உடனே துடைத்தாக வேண்டும். கல் உறிஞ்சும், அரை மணி நேரம் விட்டால் கறை நிரந்தரம். நன்றாகக் காய்ந்த பிறகு மரத்தூளில் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். நாள்பட நடமாட்டத்தில் இன்னும் மெருகேறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணச் சிமென்டே கரைந்து போகும், திருப்பிக் கொண்டுவர வழியில்லை. எலுமிச்சை, புளி, மஞ்சள் சிந்தும் சமையலறைக்கும் குளியலறைக்கும் வேறு கல் போடுங்கள்.

பழைய வீட்டைச் சீர்செய்கிறவர்களுக்கு

சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து, ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் மாவாகும், பூச்சு தகடு தகடாகப் பெயரும். பிளாஸ்டிக் பெயின்டும் அதே கேட்டைச் செய்யும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. நீற்றிய சுண்ணாம்பு சில வாரமாவது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். ஊறாத துகள் சுவரில் ஏறிய பிறகு பொரிந்து குழி விழும். கடைசி மெருகுக்கு நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பது இங்கத்திய மரபு. ஒவ்வொரு பூச்சும் காய நாள் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம் சுவரைக் கொடுக்காதீர்கள்.

ஒழுகும் ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் போடலாமா என்று கேட்பார்கள். அந்தச் சுவரும் அடிமானமும் அந்தப் பாரத்துக்காகக் கட்டியவை அல்ல. ஓட்டை இறக்கி, உளுத்த சட்டங்களை மாற்றி, உடைந்த ஓட்டை மட்டும் புதிதாக வைத்து மீண்டும் வேயுங்கள். பழைய தேக்குச் சட்டமும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் உள்ள பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் சட்டத்தின் இரண்டு முனையையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் இருந்த ஒன்றரை அடிதான் முதலில் உளுக்கும், அந்த நீளத்தைக் கழித்துவிட்டு மீதி உங்கள் அறைக்கு எட்டுமா என்று அளந்து விலை பேசுங்கள்.